கண்ணுக்குள் எடுத்த முதல் போட்டோ

ராஜபாளையத்தில் ஒரு இன்டர்நெட் ஆபீஸில் எட்டு வருஷமாகப் போன் எடுக்கிறவள் நான். வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி. நெட் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது என் குரலைத்தான், திட்டுவதும் என்னைத்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் ரசம் கேட்கும் குரலை வைத்தே கண்டுபிடித்து, "நீங்கதான அந்த 'மோடத்த அணைச்சுப் போடுங்க' மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். பொறுமைக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில்தான் அந்தப் பொறுமையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. எங்கள் சபையில் குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏழாவது மாதம். காலில் செருப்பு நுழையவில்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வீங்காது என்று விட்டுவிட்டேன். தலைவலிக்கு ஹெட்போனைக் குறை சொன்னேன். கண் முன்னே பூச்சி பறப்பதற்குக் கம்ப்யூட்டர் திரையைக் குறை சொன்னேன். வாடிக்கையாளர் சொல்லும் குறையை எல்லாம் அவர் வீட்டு மோடம் மேல் போட்டுப் பழகியவளுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஒருநாள் சர்ச்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மதினி, என் அண்ணன் மனைவி செல்வராணி, ஆராதனை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"ஏட்டி எஸ்தரு, மூஞ்சி ஏன் இம்புட்டு ஊதிக் கெடக்கு? எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஜெபம் முடியட்டும் மதினி."

"கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாரு. நீ எந்திரி."

நர்ஸிங் ஹோமில் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு வேகமாக வெளியே போனாள். சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். கர்ப்பத்தினாலேயே வரும் ரத்தக் கொதிப்பு இது என்று டாக்டரம்மா விளக்கினார். தாயின் சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தொடும், முற்றினால் வலிப்பு வரும், மாத்திரையால் கொஞ்சம் அடக்கலாமே தவிர, பிள்ளையை வெளியே எடுப்பதுதான் தீர்வு என்றார். "இன்னும் ரெண்டு மாசம் இருக்கே டாக்டர்" என்றேன், ஏதோ அவருக்குக் கணக்குத் தெரியாதது போல. அன்று சாயங்காலமே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் ஞாபகத்தில் இல்லை.

கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. மதினி என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எங்க மதினி?"

"பொம்பளப் பிள்ள. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கா."

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை தேர் பார்க்கப் போயிருக்கிற மாதிரி அவள் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தையல் போட்ட இடத்தில் உயிரும் போனது. ஒரு கிலோ இருநூறு கிராம் எடை. தானாக மூச்சுவிடத் திணறியிருக்கிறாள். குறைமாதக் குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காலியாக இருந்ததால், என் கணவர் மோசஸ் ஆம்புலன்ஸில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம். அந்த அரை மணி நேரத் தூரத்தைக் கடக்க எனக்கு இருபத்தாறு நாள் ஆனது.

மோசஸ் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு மெக்கானிக். அதிகம் பேச மாட்டார். தினமும் காலையில் நான் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துப் போவார். முதல் நாள் கிடைத்தது ஒரு டீஸ்பூன்தான். அதற்கும் அவ்வளவு பெரிய டப்பா. மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருவாராம். வண்டி இருக்க ஏன் பஸ்ஸில் போகிறீர்கள் என்று நான் கேட்ட அன்று, "பஸ்ஸுல போனா பால் குலுங்காதுல்லா" என்றார். வண்டியை விற்றுவிட்டார் என்று மதினி சொல்லித்தான் தெரியும். அதைப் பற்றி அவரிடம் நான் பிறகு கேட்கவில்லை.

என் மாமியார் தேவதானத்தில் இருக்கிறார். முப்பது நாள் முடியாமல் பிள்ளையைப் போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆயுசுக்கு ஆகாது என்று போனிலேயே சட்டம் போட்டுவிட்டார். மோசஸ் அம்மா சொல்லைத் தட்டாதவர். அப்படியானால் நான் என் பிள்ளையைப் பார்ப்பது எப்படி என்று அழுதேன். வீடியோவில் பார்க்கலாமா என்று மதினி மாமியாரிடமே கேட்டாள். அவர், "அது நிக்காத படம்லா? அதுல பாத்தா தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த நிற்காத படம்தான் அந்த இருபத்தாறு நாளும் என் ஆகாரம். காலை பதினோரு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. அங்கே பாண்டிச்செல்வி என்று ஒரு சிஸ்டர், பெரிய போன் மாதிரி இருக்கும் ஆஸ்பத்திரி டேப்பைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே பிடித்துக் காட்டுவார். பத்தே கால் மணிக்கே நான் தலை சீவி, முகம் கழுவி, பவுடர் போட்டு உட்கார்ந்துவிடுவேன். "பிள்ளைக்கு உன் மூஞ்சி தெரியப் போவுதாக்கும்" என்று மதினி கேலி செய்வாள். தெரியாதுதான். முதல் வாரம் மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழே படுக்கவைத்து, கண்ணுக்கு மேல் துணி கட்டியிருந்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு, நான் கூப்பிடும் நேரமெல்லாம் தூக்கம். ஒரு தடவைகூட அவள் கண்ணைத் திறந்து நான் பார்க்கவில்லை. மூக்கு மோசஸ் மூக்கு. காது யாருடையது என்று தெரியவில்லை. கண் மட்டும் எப்படி இருக்கும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவேன். அதைப் பார்க்கத்தான் நான் கூப்பிடுவதே. ஆனால் நாலைந்து மூச்சுக்கு ஒரு தடவை படம் உறைந்துவிடும். நெஞ்சு ஏறும், இறங்காது. அப்படியே நிற்கும். சிஸ்டர் குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். படம்தான் நின்றது, பிள்ளை மூச்சு நிற்கவில்லை என்று மற்ற எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷ உத்தியோகம் அது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் என் மூச்சும் கூடவே நின்றது. படம் மறுபடி அசையும்வரை நான் இழுத்த மூச்சை விட்டதில்லை.

"சிஸ்டர், மோடத்த ஒரு தடவ அணைச்சுப் போடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் போட்டாச்சும்மா. இங்க எப்பவுமே இப்படித்தான். எங்க டெக்னீசியன் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டாரு" என்றார் அவர்.

எந்தக் கம்பெனி லைன் என்று நான் கேட்கவில்லை. தோன்றவில்லையா, கேட்கப் பயந்தேனா, இன்றைக்கும் தெரியாது.

பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம் என்று சேலைகூட எடுத்து வைத்தேன். அன்று சாயங்காலம் காய்ச்சல். வயிற்றுத் தையலில் சீழ் வைத்துவிட்டது. மறுபடி அதே நர்ஸிங் ஹோம், அதே கட்டில். புண்ணைப் பிரித்து, தினமும் கழுவி, துணி அடைத்தார்கள். கிருமி இருக்கும் உடம்போடு குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் நுழைய முடியாது என்றார்கள். வலியைவிட அதுதான் என்னை முறித்தது. பால் கட்டி மார்பு கனக்கும்போதெல்லாம், அந்தப் பாலுக்கு உரியவள் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள் என்று நினைப்பேன். நான் தொடாமலே வளர்ந்து, நான் தொடாமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கும். இந்தப் பயத்தை நான் மதினியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இருபத்தாறாம் நாள் போனேன். செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சை அங்கி மாட்டி, மாஸ்க் கட்டிக்கொண்டேன். "பிள்ளை பக்கத்துல போறப்ப மாஸ்க் இல்லாம போகக் கூடாதும்மா. ஒரு சின்ன சளி போதும் இதுகளுக்கு" என்று பாண்டிச்செல்வி சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் உள்ளே விட அனுமதித்தார். விரலைப் பற்றிக்கொண்டாள். பிடி இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் நின்றேன். தூங்கிக்கொண்டேதான் இருந்தாள்.

"செவ்வாக்கெழம கண்ணு பாக்கணும்மா, நீயும் வந்துரு" என்றார் சிஸ்டர்.

கண்ணுக்கு என்ன என்று பதறினேன். அவர் நிதானமாக விளக்கினார். கண்ணின் பின்பக்கம் ஒரு மெல்லிய திரை இருக்கிறது, அதில் படம் விழுவதால்தான் நாம் பார்க்கிறோம். அந்தத் திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கடைசி இரண்டு மாதத்தில்தான் ஓரம் வரைக்கும் வளர்ந்து முடியும். அதற்குள் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அவை பாதியில் நிற்கும், சிலருக்குத் தாறுமாறாகக் கிளைவிட்டுத் திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். பிய்ந்துவிட்டால் பார்வை அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. நாலாவது வாரம் பார்த்தே ஆக வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைத்தே ஆக வேண்டும்.

"இதப் பாக்குற டாக்டர் நம்ம பக்கம் கெடையாது. மதுரையில இருந்துகிட்டு கம்ப்யூட்டர்ல பாப்பாங்க. இங்க கேமரா வச்சு எடுத்துக் காட்டுவோம். இந்த ஒத்தக் கிலோ பிள்ளைய மதுரைக்கும் இங்கயுமா வாரா வாரம் தூக்கிட்டு அலைய முடியும்?"

செவ்வாய்க்கிழமை நானும் மோசஸும் போனோம். கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்தை மூன்று தடவை விட்டார்கள். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பியை மாட்டி, பேனா மாதிரி இருந்த கேமராவைக் கண்ணின் மேலேயே தொடவைத்துப் படம் எடுத்தார் டெக்னீசியன் முருகேசன். என்னைப் பக்கத்தில் விடவில்லை. தாய்மார்கள் மயங்கி விழுந்துவிடுகிறார்களாம். கதவோரம் நின்று, மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டர் திரையை மட்டும் பார்த்தேன்.

வட்டமாக, காவி நிறத்தில், ஒரு பக்கம் மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டிலிருந்து சிவப்புச் சிவப்பாகக் கிளைகள் பிரிந்து போயின. பாதி தூரம் போய், ஒரு வெள்ளைக் கோட்டில் முட்டி நின்றன. அந்தக் கோட்டைத் தாண்டி வெறும் சாம்பல்.

என் மகளின் கண்ணை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான், உள்பக்கமாக. அவளை எடுத்த முதல் போட்டோவும் அதுதான். முப்பது நாள் முடிய இரண்டு நாள் பாக்கி இருந்தது. மோசஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத அம்மாட்ட சொல்லாத" என்றார்.

திரையின் ஒரு மூலையில் மதுரை டாக்டரம்மாவின் முகம். அது அசையவில்லை. வாய் திறந்தபடி நின்றது. பேச்சு மட்டும் துண்டு துண்டாக வந்தது. "ஓரத்த... திருப்புங்க... உறைஞ்சு... முருகேசன், எனக்கு எதுவும் தெரியல." போட்டோக்களை மட்டும் அனுப்பச் சொன்னார். முருகேசன் அனுப்பினார். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் நீலப் பட்டை நகர்ந்து நகர்ந்து பாதியில் நின்றது. உள்ளே என் பிள்ளை அந்தக் கம்பியை மாட்டிய கண்ணோடு கத்திக்கொண்டிருந்தாள். சிஸ்டர் கம்பியைக் கழற்றி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போன வாரமும் இப்படித்தான். பாதிப் படத்த பென் டிரைவுல போட்டு, மதுரை பஸ்ஸு கண்டக்டர்ட்ட குடுத்துவிட்டேன். பதில் வர மறுநாள் ஆயிருச்சு" என்று முருகேசன் தலையில் அடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். போனை ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

"லைன் கிளியரா இருக்கு சார். பாட்டு, படம்லாம் வருதா?"

"படம் வந்து நான் என்னம்மா பண்ணட்டும்? எனக்குப் படம் போகணும்! அப்லோட், அப்லோட்!"

பேசியது கனி, எனக்குப் பதிலாக என் நாற்காலியில் உட்காரவைத்த பெண். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நான் சொல்லிக் கொடுத்தது. அந்த 'அப்லோட்' குரலும் எனக்குத் தெரிந்த குரல்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை கூப்பிடும் அந்த மனிதரை நாங்கள் ஆபீஸில் 'அப்லோட் அண்ணாச்சி' என்று பெயர் வைத்துச் சிரித்திருக்கிறோம்.

கேளுங்கள். நெட்டுக்கு இரண்டு வேகம் உண்டு. வெளியிலிருந்து நம்மிடம் வருவதற்கு ஒன்று, நம்மிடமிருந்து வெளியே போவதற்கு ஒன்று. வீட்டில் படம் பார்க்கிறவர்களுக்கு வருகிற வேகம் போதும். அதனால் வீட்டுக்குக் கொடுக்கும் திட்டத்தில் போகிற வேகத்தை எங்கள் கம்பெனி நெரித்துத்தான் வைக்கும். அந்த ஆஸ்பத்திரி ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. வாசலில் கோலம் இருந்ததைப் பார்த்த எங்கள் லைன்மேன், விண்ணப்பத்தில் 'வீடு' என்று எழுதிவிட்டார். பிழை அவ்வளவுதான். முதல் தடவை அண்ணாச்சி கூப்பிட்டபோதே நான் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சாயங்காலத்துக்குள் திறந்திருக்கும் புகார் எல்லாவற்றையும் மூட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், அதில் நான் கெட்டிக்காரி. 'வாடிக்கையாளர் கருவியில் கோளாறு' என்று எழுதி மூடுவேன். நான் மட்டுமே மூன்று தடவை மூடியிருக்கிறேன். எதற்காக அவர் படம் அனுப்புகிறார் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, போனக் குடுங்க" என்றேன்.

கனியிடம் எதையும் விளக்கவில்லை. போனை முதலாளியிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் "அய்யோ தேவுடா" என்றார். திட்டத்தை மாற்றுவது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தபடியே செய்கிற வேலை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார். "ஏம்மா எஸ்தரு, இப்படி ஒரு ஆஸ்பத்திரி கஷ்டப்படுதுன்னு எவருமே எனக்குச் சொல்லலியே?"

"நான்தான் சார் மூடுனேன்" என்றேன். பிள்ளையைப் பாரும்மா என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கதானா அந்த மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். என் பிள்ளைக்கு முன்னால் இதே அறையில் கண் பரிசோதித்த பிள்ளைகளுக்கு என்னால் ஏதாவது ஆனதா என்று கேட்டேன். அதைக் கேட்க வாய் வந்ததே பெரிது.

"எல்லாரும் தப்பிச்சிட்டாங்க. ஆனா ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஈரக்கொலை நடுங்கும். நீங்க உள்ள வாங்க, பொறவு பேசலாம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுபடி சொட்டு மருந்து, மறுபடி கம்பி. இந்தத் தடவை டாக்டரம்மா எதிரே உட்கார்ந்திருப்பவர் போலப் பேசினார். "இன்னும் கொஞ்சம் மேல. காது பக்கம். அங்கேயே வையுங்க." முருகேசனின் கை அசைய அசைய மதுரையில் அவர் பார்த்தார். நாலைந்து நிமிஷத்தில் முடிந்தது. பிறகு என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் குழாய்கள் தப்பாகக் கிளைவிட ஆரம்பித்துவிட்டன, தள்ளிப்போட முடியாது, லேசர் மெஷினோடு நாளைக்கே நான் வருகிறேன் என்றார்.

"பார்வை வருமா டாக்டர்?"

"நேரத்துல பிடிச்சிட்டோம்மா. வரும்னு நம்புவோம்."

மறுநாள் வந்தார். ரத்தக் குழாய் எட்டாத அந்தச் சாம்பல் பகுதியை லேசரால் புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். அப்போதுதான் தப்பான கிளைகள் வாடும். ஓரத்துப் பார்வை கொஞ்சம் குறையும், நடுப் பார்வை பிழைக்கும். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மோசஸ் தறிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தார், தலையெல்லாம் பஞ்சு. நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை வெளியே கொண்டுவந்தபோது இரண்டு கண்ணிலும் துணி வைத்து ஒட்டியிருந்தது. மோசஸ் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்துத் துணிதான்" என்றார். என் கணவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ரெபெக்கா என்று பெயர் வைத்தோம். வாரம் ஒரு தடவையும் பிறகு மாதம் ஒரு தடவையும் அதே வீட்டு ஆஸ்பத்திரி, அதே திரை. குழாய்கள் அடங்கிவிட்டன, கண்ணுக்குள் திரை ஒட்டியிருக்கிறது, நல்லபடியாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார். "கண்ணு நல்லாருக்குன்னு நான் சொல்லலாம். பாக்குறாளான்னு நீங்கதான் வீட்ல கவனிச்சுச் சொல்லணும்."

கவனித்தேன். வேறென்ன வேலை எனக்கு? சிவப்புத் துணியை ஆட்டினேன். டார்ச் அடித்தேன். டியூப்லைட்டை வெறித்துப் பார்ப்பாள், துணியைப் பார்க்க மாட்டாள். மடியில் போட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்து பேசுவேன், சிரிப்பேன், நாக்கைச் சுழற்றுவேன். அவள் கண் என் நெற்றியில் கொஞ்சம் நிற்கும், பிறகு எங்கேயோ போகும். மற்றப் பிள்ளைகள் இந்த வயதில் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்குமாம். குறைமாதக் கணக்கைக் கழித்துப் பார்த்தேன், அதிலும் நாள் தாண்டிவிட்டது. "என்னப் பாத்துச் சிரிக்காளே" என்று மோசஸ் ஒருநாள் சொன்னார். "வாயுவா இருக்கும், போங்க" என்று எரிந்து விழுந்தேன். அவரைப் பார்த்துச் சிரித்து என்னைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளையாக அவள் இருப்பதைவிட, அந்தச் சிரிப்பு வாயுவாக இருப்பதே எனக்குப் பரவாயில்லை. ஒரே ஒரு தடவை அவள் என்னைப் பார்த்தால் போதும் என்று, பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது, எந்நேரமும் அது ஒன்றுதான் என் ஜெபம்.

ஐந்தாம் மாதப் பரிசோதனை. சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் டாக்டரம்மா திரையில் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை மோசஸ் தோளில் இருந்தாள். நான் எதிரே நின்று, அவள் என்னைப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். டாக்டரம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குச் சளியா?"

"இல்ல டாக்டர்."

"பொறவு ஏன் மாஸ்க் போட்டிருக்கீங்க?"

"சிஸ்டர் போடச் சொன்னாங்கள்ல."

"எப்ப சொன்னாங்க?"

"கண்ணாடிப் பெட்டில இருக்கப்ப."

"அப்ப வீட்லயும் போட்டுக்கிட்டா இருக்கீங்க?"

ஆமாம் என்றேன். கழற்றலாம் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லையே. சாப்பிடுவதற்குக்கூட அடுக்களைக்குப் போய்த்தான் கழற்றுவேன். அவள் தூங்கும்போதும் மாஸ்க்கோடுதான் பக்கத்தில் படுப்பேன். ஒரு சின்ன சளி போதும் என்ற வார்த்தை என் மண்டையில் ஆணி அடித்து உட்கார்ந்திருந்தது. மோசஸ் எத்தனை கேலி செய்தும் நான் கேட்கவில்லை. பாண்டிச்செல்வி சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு, "அடிப் பாவி மகளே" என்றார்.

"கழட்டுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "பிள்ளைக்கு நேரா நின்னு கழட்டுங்க. முருகேசன், கேமராவ பிள்ளை முகத்துப் பக்கம் திருப்புங்க."

காதிலிருந்து எடுத்தேன். நாலு மாதமாக அவள் முன்னால் மூடியே இருந்த வாயில் காற்றுப் பட்டது. ரெபெக்கா என் நெற்றியைப் பார்த்தாள். அவள் கண் மெதுவாகக் கீழே இறங்கியது. மூக்கில் நின்றது. வாயில் நின்றது. புருவம் சுருங்கியது. மறுபடி என் கண்ணுக்குப் போய், மறுபடி வாய்க்கு வந்தது. கீழுதடு பிதுங்கியது.

"உதட்டப் பாருங்க, உதட்டப் பாருங்க" என்று மதுரையிலிருந்து குரல் வந்தது.

வீறிட்டு ஒரு அழுகை. மோசஸ் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பயந்துபோய் மாஸ்க்கை மறுபடி மாட்டினேன். தலையைத் திருப்பிப் பார்த்தாள், அழுகை நின்றது. மெதுவாக இறக்கினேன். பார்த்தாள். முன்னைவிடப் பெரிதாக அழுதாள்.

"போதும்மா, புது மொகம்னு கண்டுக்கிட்டா, பிள்ளைய அழ வைக்காதீங்க" என்று டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுகூடத் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

நான் கேட்கவில்லை. மாஸ்க்கைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மோசஸ் தோளைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றேன். என் மகள் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள், பார்த்து மறுபடியும் அழுதாள்.